ஆறு ஓசி, கட்டிலுக்குத்தான் காசு

வா மாப்ளே, உக்காரு. சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டுட்டியாமே. உங்க ஆத்தா நேத்து ரேசன் கடையில வச்சு ஊருக்கே சொல்லிருச்சு. அஞ்சு நாளு, ஆத்தங்கரை ஓட்டலு, ஜன்னலத் தொறந்தா தண்ணியாம். ரொம்ப சந்தோசம். உங்க வீட்டுக் கொல்லைப் பக்கமும் கண்மாய்தான் கெடக்கு. இத்தனை வருசத்துல அந்த ஜன்னல நீ தொறந்து நான் பாத்ததில்ல. கொசு வருமுன்னு அடச்சே வச்சிருக்க. அது வேற தண்ணி, இது வேற தண்ணி. இது வெள்ளி குடுத்துப் பாக்குற தண்ணி.

எந்த ஓட்டலுன்னு இன்னும் முடிவு பண்ணலியா? நான் சொல்றேன், கேளு. மூணு கோபுரத்து மேல கப்பலத் தூக்கி வச்ச மாதிரி ஒண்ணு நிக்கிது பாரு, மெரினா பே சாண்ட்ஸ், அத எடு. 2010-ல தொறந்தது. 57-வது மாடியில 150 மீட்டர் நீளத்துக்கு நீச்சல் குளம். ரூம் எடுத்தவன் மட்டுந்தான் எறங்கலாம். நீதான் நம்ம கெணத்துல இடுப்புல கயிறு கட்டி எறக்குனப்பவே ஏழூருக்குக் கேக்குற மாதிரி கத்துனவனாச்சே. அதனால என்ன, ஓரமா நின்னு காலை நனச்சுட்டு வா. ஒரு காலுக்கு ஒரு மாசச் சம்பளம்.

அது வேணாமுன்னா ஃபுல்லர்டன் இருக்கு. ஆத்து வாயிலயே, தூணு தூணா, 1928-ல கட்டுனது. நான் 91-ல கொத்து வேலைக்குப் போனப்ப அதுதான் பெரிய தபாலாபீசு. ஞாயித்துக்கெழமை ஆனா உங்க ஆத்தாவுக்கு அங்க நின்னுதான் கடுதாசி போடுவேன். 2001-ல ஓட்டலாக்கிட்டாங்க. நான் எச்சி தொட்டு ஸ்டாம்பு ஒட்டுன எடத்துல நீ படுத்துத் தூங்கப் போற. வம்சம் வளந்துருக்குன்னு வச்சுக்க.

வெலையப் பாக்கையில பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருப்பான். சாப்பாட்டுக் கடையிலயும் அப்படித்தான். நான் ஏதோ வேதக் கோயில் கடைன்னு நெனச்சேன். ஒரு கூட்டலு கவனிப்புக் கூலி, நூத்துக்குப் பத்து. இன்னொண்ணு வரி, இப்ப ஒம்பது. அந்த வரியக் கூலி மேலயும் சேத்துப் போடுவான். 100 வெள்ளிக்குத் தின்னா 119 வெள்ளி 90 காசு. போன வருசம் எம் மவன் கூட்டிட்டுப் போனப்ப ஆத்தோரக் கடை ஒண்ணுல உக்காந்தோம். கேக்காமலே கடலை கொண்டாந்து வச்சான். நல்ல மனுசன்னு வாயார வாழ்த்திக்கிட்டே தின்னேன். சீட்டு வந்தா கடலைக்கும் காசு, கை தொடச்ச ஈரத்தாளுக்கும் காசு. வாழ்த்துன வாய என்ன பண்றது?

உணவங்காடிக்குப் போ, அங்கதான் நமக்குச் சரிப்படும். லாவ் பா சாட்டுன்னு எட்டு மூலையில இரும்புத் தூணு நிறுத்துன பழைய சந்தை, ஆத்துலேருந்து நடந்துடலாம். மேசையில காயிதத் துண்டுப் பொட்டலம் கெடந்தா எடுத்து மூக்கத் தொடச்சுப்புடாத. நம்ம பஸ்சுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்போமுல்ல, அதேதான். அம்புட்டுப் பெரிய பட்டணத்துல நம்ம ஊரு நாகரிகம் ஒண்ணாவது போய்ச் சேந்துருக்கேன்னு எனக்குப் பெருமையாப் போச்சு.

ஆறுன்னதும் காவேரிய நெனச்சுக்காத. மொத்தமே மூணு கிலோமீட்டர் சொச்சம். நம்ம வரத்துக் கால்வாயி அதவிட நீளம். ஆனா ஒரு காலத்துல அந்த ஊரு மொத்தமும் அதுலதான் பொழச்சுது. கப்பல் வெளிய நிக்கும், சரக்குப் படகு ஏத்தி எறக்கும். மொதமொதல்ல அந்தப் படகு தள்ளுனவங்க நம்ம கரையிலேருந்து போன சூலியா ஆளுங்க, பொறவுதான் சீனவங்க கைக்குப் போச்சு. பன்னிக் கொட்டாயி, கழிவுன்னு எல்லாம் எறங்கி நாறிப்போன ஆத்த 1977-ல சுத்தம் பண்ணப் புடிச்சு, 87-ல முடிச்சாங்க. பத்தே வருசம். நம்ம ஊரணிய தூர் வாரத் தீர்மானம் போட்டு பதினோரு வருசமாவுது. தீர்மானம் மட்டும் பீரோவுல சுத்தமா இருக்கு.

இப்ப அந்தப் படகுல டிக்கெட் குடுத்து ஒன்ன ஏத்திட்டுப் போவான். முன்னாடி கண்ணு எழுதியிருக்கும், வழி தெரியணுமாம். அந்தக் கண்ணாச்சும் ஆத்தப் பாக்கும். நீ போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப.

நடந்து பாரு மாப்ளே, காசே இல்ல. ஃபுல்லர்டனை ஒட்டியே கேவனா பாலம், 1869-ல முடிச்ச இரும்புப் பாலம். மொகப்புல போலீசு பலகை ஒண்ணு: பார வண்டி போகப்படாது, மாடு குதிரை போகப்படாது. நீ போகலாம். நாலு தரம் படிச்சுட்டேன், பலகையில உம் பேரு இல்ல.

பாலம் தாண்டுனா வெள்ளையா ஊசி மாதிரி ஒரு தூணு. டல்ஹௌசி தொரை 1850-ல வந்து போனதுக்கு வச்சது. அதுல இங்கிலீசு, சீனம், ஜாவி, நாலாவது நம்ம தமிழு. மொத தடவ பாத்தப்ப, ஆளுக இருக்காங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, அந்த எழுத்த வெரலால தடவுனேன். அது கேலிக்கில்ல. ஊரெல்லாம் அந்தச் சிங்கத்தல மீனு துப்புற தண்ணிய வாயில புடிக்கிறாப்புல படமெடுக்கப் போயிருக்கும். அங்க நிக்க ஆளிருக்காது. நீ நில்லு.

மேக்க நடந்தா கிளார்க் கீ. பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கிற எடம். பாட்டிலத் தொறந்து ஆத்தோரம் உக்காரலாமுன்னு மட்டும் நெனக்காத. ராத்திரி பத்தரைக்கு மேல பொதுவெளியில குடிச்சா அபராதம். அங்கேருந்து கொஞ்ச தூரம் நடந்தா தேங்க் ரோட்டுல நகரத்தாருங்க 1859-ல எழுப்புன தண்டாயுதபாணி கோயிலு. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டுலேருந்து நடக்குற காவடியெல்லாம் அங்கதான் வந்து எறங்கும். நானும் ரெண்டு தரம் பால்குடம் தூக்கிருக்கேன்.

படுக்க எடமா? தேக்காவுல சின்ன ரூமாப் புடி. கிளார்க் கீயிலேருந்து எம்.ஆர்.டி.யில ரெண்டாவது ஸ்டேசன். கண்ண மூடுனப்புறம் வெளிய ஆறு ஓடுனா என்ன, அடுத்த வீட்டுச் செவரு நின்னா என்ன? எம் பேச்ச நீ கேக்க மாட்டேன்னு தெரியும். உங்கப்பனும் கேட்டதில்ல.

அப்பறம் ஒரு சோலி. கோடாலித் தைலமெல்லாம் வேணாம், அத யாரு வேணாலும் வாங்கியாருவான். அந்த மாட்டுப் பலகைய மட்டும் தெளிவா ஒரு போட்டோ எடுத்துட்டு வா. முப்பது வருசமாச் சொல்றேன், உங்க அத்த நம்ப மாட்டேங்குறா.