புனேவாழ் தமிழரும் சொந்த டொமைன் மெயிலும்: ஒரு கள ஆய்வு

1. ஆய்வின் தேவை

வீடு வாங்கி, கார் வாங்கி, பிள்ளையை வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டவர் அடுத்து என்ன செய்வார் என்ற வினாவுக்குத் தமிழாய்வுலகம் இதுவரை விடை கூறவில்லை. புனேயின் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்கா வட்டாரத்தில் நோட்டமிட்டதில் விடை கிடைத்தது: தம் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதில் மெயில் ஐடி வைத்துக்கொள்கிறார். இதன் காரணம், செய்முறை, பயன் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பயனுக்கு அதிக இடம் தேவைப்படவில்லை.

2. கருதுகோள்

மனிதன் விலாசம் வைத்துக்கொள்வது கடிதம் வருவதற்காக அல்ல, தான் இன்னார் என்று அறிவிப்பதற்காக. இதைச் சோதிக்கப் புனேயைவிடப் பொருத்தமான களம் இல்லை. சதாசிவ் பேட், நாராயண் பேட் வாசல்களில் தொங்கும் புணேரிப் பலகைகள் நாடறிந்தவை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மணி அடிக்காதே என்று ஒன்று சொல்லும். எங்களுக்கு வேறெங்கும் கிளை இல்லை என்று இன்னொன்று பெருமைப்படும். இப்படிப்பட்ட ஊரில் நெடுங்காலம் குடியிருந்த தமிழனுக்கு, இலவச மெயிலில் பெயருக்குப் பின்னால் நான்கு எண்களை ஒட்டிக்கொண்டு திரிய மனம் வராது.

3. வரலாறு

1971இல் ரே டாம்லின்சன் ஆளையும் கணினியையும் பிரிக்க ‘அட்’ குறியை நடுவில் வைத்தார். 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டொமைன் பெயர்களுக்கான டி.என்.எஸ். முறையை வகுத்தார். தொடக்கத்தில் குறிக்கு வலப்பக்கம் நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. 1988இல் புனேயில் எழுந்த ஐயூகா வானியல் மையத்தின் விஞ்ஞானிகள்கூட எர்நெட் வலையமைப்பின் பெயரைப் பின்னால் சுமந்தார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தது. பின்னர் புனே சந்தாதாரருக்குக் கிடைத்த விலாசத்தின் வலப்பக்கம் இது: ஜி.ஐ.ஏ.எஸ்.பி.என். பூஜ்யம் ஒன்று, டாட் வி.எஸ்.என்.எல்., டாட் நெட், டாட் இன். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லி முடிப்பவரின் பொருளாதார நிலையை வாசகரே ஊகிக்கலாம்.

1996 ஜூலை 4 அன்று இலவச மெயிலான ஹாட்மெயில் வந்தது. அதை நிறுவிய இருவரில் ஒருவரான சபீர் பாட்டியா, சிறுவயதில் புனே பிஷப்ஸ் பள்ளியில் படித்தவர். உலகத்தையே வாடகையில்லாக் குடித்தனத்தில் அமர்த்தியவர் படித்த ஊரிலேயே, அந்தக் குடித்தனத்தை விட்டு வெளியேறும் இயக்கமும் நடப்பதை இவ்வாய்வு மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறது. 2005இல் டாட் இன் பெயர்களுக்கான விதிகள் தளர்ந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது.

4. பெயர்ச் சிக்கல்

மராட்டியருக்குத் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. குடும்பப் பெயரில் டொமைன் எடுத்தால் வேலை முடிந்தது. ஊரிலுள்ள அத்தனை குல்கர்ணிகளுக்கும் முன்னால் ஓடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழனிடம் இருப்பது ஓர் இனிஷியல். அலுவலகப் படிவம் குடும்பப் பெயர் கேட்டதால் அப்பா பெயரை அதில் போட்டான். அன்று முதல் சக ஊழியர்கள் அவனை ‘மாரிமுத்து சார்’ என்கிறார்கள். அசல் மாரிமுத்து அருப்புக்கோட்டையில் இருக்கிறார்.

ஆகவே எந்தப் பெயரை வாங்குவது என்பதில் மூன்று கட்சிகள் உள்ளன. முதல் கட்சி இனிஷியலோடு தன் பெயரையே வாங்கும். மனைவிக்கு ஐடி கொடுக்கும் நாளில் அங்கே பூசல் வெடிக்கும். இரண்டாம் கட்சி ஊர்ப் பெயரைத் தேடும்; சொந்த ஊர்க்காரர் யாரோ அதை முன்பே எடுத்திருப்பார். மூன்றாம் கட்சி அப்பா பெயரை வலப்பக்கம் வைத்து, பிள்ளை, மருமகள், பேத்தி எல்லோரையும் இடப்பக்கம் வரிசையாக நிறுத்தும். கூட்டுக்குடும்பம் இன்றைக்கும் குலையாமல் இருக்கும் ஒரே இடம் இதுதான்.

5. செய்முறை

டொமைன் வாங்கியதும் மெயில் வராது. எந்த நிறுவனத்தின் சர்வரில் கடிதத்தைச் சேர்ப்பது என்று எம்.எக்ஸ். பதிவில் எழுத வேண்டும். அதில் எண் சிறியதானால் முன்னுரிமை பெரியது. பிறகு எஸ்.பி.எஃப்.: நம் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பாதுகாப்புக்காக இரண்டு போட்டு வைப்பவருக்கு இரண்டுமே பலிக்காது. டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்து இடும். இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கின. நாளொன்றுக்கு இரண்டு கடிதம் அனுப்பும் நம் ஆய்வுப்பொருளும் மூன்றையும் செய்து முடித்துவிட்டு, மாற்றம் பரவ 48 மணி நேரம் ஆகலாம் என்ற அறிவிப்பின் முன் அமர்ந்திருப்பார்.

6. களத் தரவு

மருந்துக்கடை கவுன்டரில் ஐடியை எழுத்தெழுத்தாகச் சொன்னதும் பில் போடும் பையன் கேட்கிறான்: “ஜிமெயில் டாட் காம் நா, காகா?” இல்லை என்றால் நிமிர்ந்து பார்க்கிறான், சொந்தப் பெயர் என்றால் இரக்கத்தோடு பார்க்கிறான், கடைசியில் ஜிமெயில் டாட் காம் என்றே அடிக்கிறான். பெயரில் ழகரம் உள்ளவர்கள் இந்தக் கட்டம் வரை வருவதே இல்லை.

7. பயன்

ஒன்றே ஒன்று, ஆனால் உண்மையானது. மெயில் நிறுவனம் கட்டணத்தை ஏற்றினாலும் கடையை மூடினாலும் எம்.எக்ஸ். பதிவை மாற்றி இன்னொன்றுக்குப் போய்விடலாம். விலாசம் மாறாது, பழைய கடிதங்களைத்தான் முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

8. முடிவு

கருதுகோள் பாதி நிறுவப்பட்டது. மீதிப் பாதியைக் கெடுப்பது ஒரு சிறு விவரம்: டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை; கெடு வைத்துக் குத்தகைக்கு எடுக்கிறோம். கெடுவை மறந்து, அவகாசமும் கடந்தால் பெயர் அடுத்தவருக்குப் போகும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயிலுக்குள் நுழையும் வாசலான பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில்காரர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டினார்.

எனவே தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே இயக்கிவிடுங்கள். கெடு முடியப்போகிறது என்ற எச்சரிக்கை வரவேண்டிய மெயில் ஐடி, அதே டொமைனில் இருக்க வேண்டாம். அதற்கு இலவச ஐடி ஒன்றே போதும்.