ரீட்ரை பொத்தானுக்குக் கொஞ்சம் ஓய்வு

கேள்வி: விண்டோஸ் அப்டேட் 90 சதவீதம் வரை ஜோராகப் போகிறது. அப்புறம் ‘மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம்’ என்று சொல்லிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. ரீட்ரை அழுத்தி அழுத்தி விரலே தேய்ந்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: விரலுக்கு ஓய்வு கொடுங்கள், கண்ணுக்கு வேலை கொடுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறங்கள். தோற்றுப்போன அப்டேட்டின் பெயரில் ‘கேபி’ என்று தொடங்கும் எண் இருக்கும். பக்கத்திலோ, அதைத் தொட்டாலோ பிழை எண் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பிழை எண் வந்தால் காரணமும் அதேதான். காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்க, நூறு முறை ரீட்ரை அழுத்தியும் பிரயோஜனமில்லை. எண் நாளுக்கு ஒன்றாக மாறினால் நெட் இணைப்பையோ ஹார்ட் டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம்.

பழைய இடத்துக்கே திரும்புகிறதே என்று கோபப்படாதீர்கள். பாதி ஏறிய அப்டேட்டை அப்படியே விட்டிருந்தால் கம்ப்யூட்டர் எழுந்தே இருக்காது.

கேள்வி: எண்ணை எழுதிவிட்டேன். ஜாதகம் பார்ப்பது யார்?

பதில்: நீங்களேதான். முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டுப் படியுங்கள். 80070070 என்றால் சி டிரைவில் இடமில்லை. 80073712 என்றால் விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளின் நகல்களை வைத்திருக்கும் சேமிப்பில் பழுது. விண்டோஸின் அடுத்த பதிப்புக்குத் தாவும்போது சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடிக்கிறது. பிரிண்டர், பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முயலுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி பத்து வருஷம் பின்னால் போய்விடுகிறது. அப்டேட்டும் ஆவதில்லை. எதை முதலில் கவனிப்பது?

பதில்: தேதியை. அதைச் சரிசெய்தாலே அப்டேட்டும் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். அப்டேட் வரும் பாதுகாப்பான இணைப்புக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. பத்து வருஷம் பின்தங்கிய கடிகாரத்தின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே கதவைச் சாத்திவிடுகிறது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032, விலை சொற்பம். லேப்டாப் என்றால் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: 2024 ஜனவரியில் தொடங்கியது சார் எனக்கு. கேபி5034441. எத்தனை தடவை முயன்றாலும் 80070643. இடம் காலி செய்தேன், ஆன்டிவைரஸை எடுத்தேன், கடைசியில் ஃபார்மட்டும் செய்தேன். மறுபடியும் அதே அப்டேட், அதே எண். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: ஒரு தப்பும் செய்யவில்லை. இதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லலாமா என்று பார்க்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. எல்லோரும் தங்களையே நொந்துகொண்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். உங்கள் டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பகுதி உண்டு. விண்டோஸ் எழ முடியாமல் கிடக்கும்போது கைகொடுக்கும் மீட்புக் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கருவிகள் வழியாக, டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைய ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கத்தான் 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு இந்த அப்டேட் வந்தது. ஏறுவதற்கு அந்தப் பகுதியில் 250 எம்பி காலியிடம் வேண்டும். ஆனால் ஏராளமான கம்ப்யூட்டர்களில் அந்தப் பகுதி மொத்தமே சுமார் 500 எம்பிதான், அதிலும் பெரும்பகுதி நிரம்பியிருந்தது. அந்த அளவை வைத்தது நீங்களல்ல, விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர். ஃபார்மட் செய்தபோதும் அதே அளவில் மறுபடி வெட்டியிருக்கும். சி டிரைவில் நீங்கள் ஒதுக்கிய இடம் இதற்குச் செல்லாது, ஏனென்றால் இது வேறு பகுதி.

‘இடம் போதவில்லை’ என்றாவது திரையில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ‘நிறுவல் தோல்வி’ என்ற பொத்தாம்பொதுவான எண் வந்தது. எண் தவறாகக் காட்டப்படுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. கையால் டிஸ்க்கைப் பிரித்து அந்தப் பகுதியைப் பெரிதாக்கும் கட்டளைகளை வெளியிட்டது. அந்தக் கட்டளைகளில் ஓர் எண் தவறினால் கல்யாண வீடியோ இருக்கும் பகுதி அழிந்துவிடும். ஒரு குடும்பத் தலைவியிடமோ பள்ளி மாணவனிடமோ கொடுக்கக்கூடிய வேலை அல்ல அது. தானாகச் சரியாகும் வழி எதுவும் வராது என்பதையும் அந்த வருஷமே சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட்டில் அதற்குப் பதில் வேறொரு அப்டேட் வந்தது.

2025 ஏப்ரலில் வந்த இன்னொரு மீட்பு அப்டேட்டிலும் இதே 80070643 தலைகாட்டியது. அந்த முறை அப்டேட் பெரும்பாலும் ஒழுங்காகவே ஏறியிருந்தது. தோற்றதாகக் காட்டியதுதான் பிழை. அதனால்தான் பிழை எண்ணோடு கேபி எண்ணையும் எழுதச் சொல்கிறேன். கேபி எண்ணைத் தேடினால் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பக்கம் வரும். அதில் ‘தெரிந்த சிக்கல்கள்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். கோளாறு அவர்கள் பக்கம் என்றால் அங்கே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: பிழை எண்ணைத் தேடினால் ‘ஒரே கிளிக்கில் சரி’ என்று ஒரு சாஃப்ட்வேர் கூப்பிடுகிறதே?

பதில்: போகாதீர்கள். தேவையான கருவிகள் எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன, இலவசமாக. பிழைச் செய்தியில் ஃபோன் நம்பர் இருந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் நம்பர் போடுவதில்லை.

கேள்வி: கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்கிறார். அடிக்கட்டுமா?

பதில்: அடிக்க விடாதீர்கள், அது கடைசி மருந்து. அதற்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன் படங்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து எழுதிவையுங்கள்.

பிறகு சி டிரைவில் 20 ஜிபியாவது காலி செய்து, ரீஸ்டார்ட் செய்து, செட்டிங்ஸில் இருக்கும் டிரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் சேவையையும் பின்னணி டவுன்லோடு சேவையையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்புகள் தங்குவது அங்கேதான். ரீஸ்டார்ட் செய்ததும் புதிதாக ஒன்று உருவாகும். அப்டேட் ஹிஸ்டரி காலியாகத் தெரியும், பதறவேண்டாம்.

அடுத்தது இரண்டு கட்டளைகள்: டிஸ்ம், எஸ்எஃப்சி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஓட்ட வேண்டும். பலர் எஸ்எஃப்சியை முதலில் ஓட்டிவிட்டு ‘சரிசெய்ய முடியவில்லை’ என்ற பதிலோடு விட்டுவிடுகிறார்கள். எஸ்எஃப்சி கெட்ட கோப்பை எடுத்துவிட்டு நல்ல நகலை உள்சேமிப்பிலிருந்து போடுகிறது. அந்தச் சேமிப்பைப் பழுதுபார்ப்பது டிஸ்ம். குடோனில் இருப்பதே புழுத்த அரிசி என்றால், கடையில் மூட்டையை மாற்றி என்ன பயன்? எனவே டிஸ்ம் முன்னால், எஸ்எஃப்சி பின்னால். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் போய் அசையாமல் நிற்பது பலருக்கும் நேர்வது. மூடிவிடாமல் காத்திருங்கள், நகரும்.

அதற்கும் மசியாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸின் முழுக் கோப்பை இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ‘செட்டப்’பை ஓட்டலாம். ‘என் கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் மட்டும் புதிதாகும், உங்கள் பொருட்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைக்காரரிடம் இதைச் செய்துதரச் சொல்லிக் கேளுங்கள். அப்புறமும் தோற்றால், டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபார்மட் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அப்டேட்டையே நிறுத்திவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். ஏதாவது ஆட்சேபணை?

பதில்: உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவைசிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அவகாசம் வேண்டுமென்றால் ‘பாஸ்’ பொத்தான் ஐந்து வாரம் வரை தருகிறது.

கேள்வி: மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் ஒரு நாள் டேட்டாவையும் அப்டேட்டே குடித்துவிடுகிறது.

பதில்: அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவிடுங்கள். மாதத்தின் பெரிய பாதுகாப்பு அப்டேட் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய் காலையில் வெளியாகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. மறுநாள் புதனன்று தாராளமான இணைப்பு உள்ள இடத்தில் உட்கார்ந்து இறக்குங்கள். ஆன்லைன் தேர்வோ முக்கியமான மீட்டிங்கோ இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

கேள்வி: என் விண்டோஸ் 10இல் அப்டேட் வருவதே நின்றுவிட்டது. இது என்ன வகைப் பிழை?

பதில்: பிழையல்ல. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அது இல்லாத நல்ல கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராவிட்டால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால்?

பதில்: பெரும்பாலும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கறுப்புத் திரையில் நின்றால், அடுத்தடுத்து சில முறை எழத் தவறியதும் மீட்புத் திரை தானே வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்கலாம். மேலே சொன்ன சின்னப் பகுதியிலிருந்து வருவதுதான் அந்தத் திரை; எனவே இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று அதை யாராவது அழிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒருமுறை சோதித்துவையுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.