பூனைக்குச் சிலை, ஆசாரிக்குப் பட்டை நாமம்

வாரும் மருமவனே, டீம் லீடர் ஆயிட்டீராமே! கம்பெனி செலவுல ஏசி ரூமுல உக்காத்தி வச்சு, கடலைக் காட்டித் தலைமைப் பாடம் நடத்துனாவளாம். கால் நனையாம கடல் படிச்ச மொத ஆளு நம்ம குடும்பத்துல நீருதான்.

பாடம் யாரைப் பத்தி, ஷாக்கிள்டன் துரையா? நல்ல ஆளுதான். உம்ம மவன் அந்தக் கதைய எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டிட்டான். 1915-ல துரையோட எண்டூரன்ஸ் கப்பலைத் தெக்குப் பனிக்கடல் நொறுக்கிப் போட்டுது. 28 பேரும் பனிக்கட்டி மேல நிக்காவ. படுக்கதுக்கு மான்தோல் பை 18தான், மிச்சமெல்லாம் கம்பளிப் பை. துரை சீட்டுக் குலுக்குனாரு. அதிர்ஷ்டத்தப் பாரும், துரைக்கும் பெரிய ஆபீசர்மாருக்கும் குளிரு தாங்காத கம்பளியே விழுந்துது, கப்பலாளுவளுக்குத் தோலு! இதுல ஏதோ கள்ளத்தனம் இருக்குன்னு பேக்வெல்னு ஒரு மாலுமி எழுதியே வச்சிட்டான். நீரும்தான் சீட்டுக் குலுக்குதீரு. போன தீவாளிக்கு லீவு யாருக்கு விழுந்துதுன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?

அந்தக் கூட்டத்துல மக்னீஷுன்னு ஒரு ஆசாரி. கப்பலே முங்கிப் போச்சு, இனி உம்ம உத்தரவை நான் எதுக்குக் கேக்கணும்னு நடுப்பனியில நின்னு சட்டம் பேசுனவன். நீரா இருந்தா அன்னைக்கே ஹெச்ஆருக்கு மெயில் போயிருக்கும். 1916 ஏப்ரல்ல, எலிஃபண்ட் தீவுலேர்ந்து 800 மைல் தாண்டி உதவி தேடி சின்னப் படகுல ஆறு பேரு கெளம்புனாவ. துரை அந்த ஆசாரியையும் ஏத்திக்கிட்டாரு. படகுப் பக்கத்த ஒசத்திக் கட்டி, இடுக்குல பெயிண்டும் சீல் ரத்தமும் வச்சு அடைச்ச கை அவன் கை. இவனைத் தீவுல விட்டா மிச்சம் 22 பேரையும் கெளறி விட்டுருவான், அந்தக் கணக்கும் உண்டு. கொழும்புக்குப் போற தோணியில எங்க தண்டலும் வாய்க்காரனைச் சுக்கானுக்குப் பக்கத்துலதான் நிப்பாட்டுவாரு. நீரா இருந்தா அப்பிடிப்பட்டவனை மதுரைக் கிளைக்குத் தள்ளிட்டுக் கொறட்டை விடுவீரு.

ஒருத்தரையும் சாக விடலன்னு வாத்தியாரு சொன்னாராக்கும்? ஃபீஸ் வாங்குனவரு வேற எப்படிச் சொல்லுவாரு! அண்டார்டிகாவுக்கு அந்தப் பக்கம் ராஸ் கடல்ல இன்னொரு கூட்டம். துரை குறுக்க நடந்து வருவாருன்னு நம்பி வழிநெடுவச் சாப்பாட்டு மூட்டைய வச்சுக்கிட்டே போச்சு. துரை வரவே இல்ல. அதுல மூணு பேரு செத்தாவ. அது வேற டிபார்ட்மென்ட்டு பாரும், உம்ம ஸ்லைடுல ஏறாது.

ஊரு திரும்புன பொறவு போலார் மெடல் குடுத்தாவ. ஆசாரிக்கும் இன்னும் மூணு பேருக்கும் கெடையாதுன்னுட்டாரு துரை. ஆசாரி வளத்த பூனையையும் பனியிலயே சுடச் சொன்ன புண்ணியவானாச்சே! 1930-ல ஆசாரி நியூசிலாந்துல கண்ணை மூடுனான், அதுவரைக்கும் மெடல் வரல. 2004-ல அவன் கல்லறை மேல பூனைக்கு வெங்கலச் சிலை வச்சிருக்காவ.

அது கெடக்கட்டும். உம்ம ஆபீசுல எதுத்துப் பேசுத பய ஒருத்தன் இருக்கானாமே, என் தங்கச்சி சொன்னா. அப்ரைசல்ல அவனுக்கு எத்தன மார்க்கு போட்டீரு? என்னவே சத்தத்தக் காணோம், சிக்னல் இல்லையோ? எதுத்தாப்புலதான இருக்கீரு!