துணிக்குக் காவலிருக்கிற அம்மிணிக்கு

"துணியெல்லாம் பிரிச்சு அடுக்கோணும், ஒரு ரோசனை சொல்லுங்க அமுச்சி"ன்னு கேட்டே. சொல்றேன் கண்ணு. அதுக்கு முன்னால எனக்கொரு சந்தேகம். போர்வை தைக்கறதுக்குத் துணி வாங்கறியா, துணி வாங்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு போர்வை தைக்கறேன்னு சொல்லிட்டிருக்கியா? கோவிச்சுக்காதே. ரெண்டும் நல்ல தொழில்தான். எது உன்ர தொழில்னு தெரிஞ்சுட்டா ரோசனை சொல்லத் தோதா இருக்கும்.

பீரோ பூராவும் உன்ர துணி. கட்டிலுக்கடியில டப்பா டப்பாவா உன்ர துணி. மாப்பிள்ளை சட்டையெல்லாம் நாற்காலி மேல குடியிருக்குது. அந்தத் தம்பி இதுவரைக்கும் வாயத் தொறக்கல. ரொம்பப் பொறுமைசாலி, இல்லாட்டி உள்ளாற ஏதோ ரோசனை ஓடிட்டிருக்குது.

நெறம் நெறமா அடுக்கி வெச்சிருக்கே. பார்க்க அம்சமாத்தான் இருக்குது. ஆனா பச்சை வரிசையை மட்டும் எடுத்துப் பிரிச்சுப் பாரு. மதுரைச் சுங்குடி ஒண்ணு. ஜெய்ப்பூர் அச்சுத்துணி ஒண்ணு. அதுக்கடியில திருப்பூர் பனியன் வெட்டு. அதுக்கும் அடியில எவளோ வெத்தலை பாக்கோட குடுத்த பாலியஸ்டர் ரவிக்கைத்துணி. நாலும் பச்சைதான், இல்லேங்கல. நாலையும் ஒரே போர்வையில சேர்த்துத் தைச்சேன்னா பனியன் இழுபட்டுப் போகும், சலவை காணாத பருத்தி மொதத் தண்ணியிலயே சுருங்கும், பருத்திக்கு வெக்கற சூட்டுல இஸ்திரிப்பெட்டி வெச்சா பாலியஸ்டர் பெட்டியோடவே ஒட்டிக்கும். அதனால மொதல்ல சாதி பிரி. மனுசருக்குத்தான் அது ஆகாது, துணிக்கு ஆகும்.

எது பருத்தி, எது கலப்புன்னு கடைக்காரர் சொன்னதை நம்பாதே. ஓரத்துல நாலு நூலை உருவி, இடுக்கியில புடிச்சுப் பொடக்காளியில வெச்சுக் கொளுத்து. பக்கத்துல ஒரு குண்டாத் தண்ணி இருக்கட்டும். காகிதம் எரிஞ்ச வாசத்தோட எரிஞ்சு, சாம்பல் தொட்டதும் பொடிஞ்சா பருத்தி. முடி பொசுங்குன நாத்தம் வந்தாப் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறுனதும் கெட்டியா ஒரு மணி நின்னா, "நூத்துக்கு நூறு காட்டனுங்க"ன்னு அவர் சத்தியம் பண்ணின துணி அதுதான்.

அடுத்தது சாயம். நல்ல செவப்பு, அவுரி நீலம் இதெல்லாம் எங்கிருந்து வந்திருந்தாலும் ஒரு நனைஞ்ச வெள்ளைத் துணியால அழுத்தித் தேச்சுப் பாரு. வெள்ளையில கறை ஏறுனா அதைத் தனியா அலசு, தண்ணி தெளியற வரைக்கும். ராவும் பகலும் குனிஞ்சு தைச்ச போர்வையில ஒரே ஒரு செவப்புச் சதுரம் மொதச் சலவையிலயே ஊரையெல்லாம் ரோசாப்பூ நெறமாக்கிப் போடும். கஞ்சி போட்ட துணியைக் கஞ்சியோட உள்ளாற வெக்காதே. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்துச் சாப்பாடு. மடிப்பையும் அப்பப்ப மாத்திப் போடு. வருசக்கணக்கா ஒரே மடிப்புல கெடந்தா அந்தக் கோட்டுலயேதான் கிழியும், பட்டுன்னா சொல்லவே வேண்டாம்.

இப்ப நெறத்துக்கு வாரேன். உங்கிட்டப் பச்சை இருக்குது, நீலம் இருக்குது, ஊதா இருக்குது. வெளிச்சமும் இருட்டும் இருக்குதா? எனக்குக் கண்ணு மங்குனதுல இது ஒரு வசதி, நெறமெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். விளக்கு வெக்கற நேரத்துல எல்லாத்தையும் திண்ணையில பரப்பிப்போட்டு, கண்ணைச் சுருக்கிப் பாரு. உனக்குக் கண்ணு நல்லாருந்தா போன்ல கருப்பு வெள்ளையாப் படம் புடிச்சுக்கோ. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா, நீ இத்தனை வருசமா ஒரே துணியத்தான் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கேன்னு அர்த்தம். கடையில கண்ணப் பறிக்கறதெல்லாம் வெளுப்புமில்லாம இருட்டுமில்லாம நடுத்தரந்தான். வெளுத்த துணியை எவளும் ஆசைப்பட்டு வாங்கறதில்ல. அது இல்லாமப் போனா நட்சத்திரம் தைச்சாலும் நட்சத்திரம் தெரியாது. அதுக்காக நாளைக்கே வெளுத்த துணி வாங்கக் கெளம்பிப்போடாதே. உங்க தாத்தாவோட வேட்டி இருக்குது, நான் தாரேன்.

ஒரு கணக்குச் சொல்றேன், எழுதிக்கோ. ஒத்தக் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலம் போர்வைன்னு வெச்சுக்கோ. ரெண்டரை அங்குலச் சதுரம் வெட்டுனா, சுத்திலும் கால் கால் அங்குலம் தையலுக்குப் போக, ரெண்டு அங்குலம் மேல தெரியும். அப்ப 30 வரிசைக்கு 45, ஆக 1350 சதுரம். 44 அங்குல அகலத் துணியில அதுக்கு அஞ்சரை மீட்டர் இருந்தாத் தாராளம். அதாவது ஒரு சீலை நீளம். மேல்பக்கத்துக்கு அவ்வளவுதான் கண்ணு. இப்பப் பீரோவைத் தொறந்து, எத்தனை சீலை நீளம் கெடக்குதுன்னு நீயே அளந்து பாரு. அளந்த கையோட இந்த வீதியில எத்தனை கட்டில் இருக்குதுன்னும் எண்ணிக்கோ.

பொடித் துண்டுங்களை ஒரு மூட்டையில கட்டி வெச்சிருக்கியே, அதையும் கேட்டே. ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டுனா ஒரு அங்குலம் மிஞ்சும். அதுக்குங் கீழ போனா நீ தைக்கறது துணியில்ல, தையலைத்தான். தலகாணிக்குள்ள அடை. பருத்தியாப் பார்த்து எடுத்துக் கரித்துணியாக்கு. பனியன் வெட்டை மோட்டார் துடைக்கறவங்க கேட்டு வாங்கிக்குவாங்க, குடுத்துப்போடு.

நான் இத்தனையும் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ அந்த அஜ்ரக் அச்சுத்துணியை மட்டும் மடியிலயே வெச்சிருக்கே. "ரொம்ப அழகா இருக்குதுங்க அமுச்சி, வெட்ட மனசு வரலீங்க." அட சாமி! அழகில்லாததை வெட்ட மட்டும் மனசு வருதா? அப்பப் போர்வை எதுல தைக்கறே? புடிக்காத துணியில. நல்லதெல்லாம் இருட்டுல பூட்டிக் கெடக்குது, மட்டமானதெல்லாம் கட்டில் மேல விரிஞ்சு கெடக்குது. ஒறம்பரை வந்து பார்த்துட்டு, "பேத்திக்கு வேற துணி கெடைக்கலையாட்டிருக்குது"ன்னு எங்கிட்டக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும், பீரோச் சாவியவா காட்டட்டும்?

நீதானே போன்ல காட்டுனே, அமெரிக்காவுல அலபாமாப் பக்கம் ஆத்து வளைவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு. அடிமையா இருந்தவங்களோட வம்சம். அந்தப் பொம்பளைங்க கடைக்குப் போயா துணி பொறுக்குனாங்க? காட்டு வேலைக்குப் போட்டுக் கிழிஞ்ச கால்சட்டை, முழங்கால் வெளுத்த ஜீன்ஸ். மிசௌரி பெட்வேங்கற அம்மா, செத்துப்போன புருசனோட வேலைத்துணிய வெட்டியே 1942ல போர்வை தைச்சாங்க. பின்னால அந்த ஊருப் பொம்பளைங்க சியர்ஸ் கடைக்குத் தலகாணி உறை தைச்சுக் குடுத்தப்ப, மிஞ்சுன கார்டுராய்த் துண்டும் அவங்க போர்வைக்குள்ள போச்சு. அதையெல்லாம் 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல சுவத்துல மாட்டுனாங்க. 2006ல தபால்தலையே வந்துது. அவங்கள்ல எவளாவது அஜ்ரக்கை மடியில வெச்சுத் தடவிட்டு உக்காந்திருந்தாளான்னு கேட்டுச் சொல்லு.

அவ்வளவு தூரம் எதுக்கு, கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்திங்கற சனத்துப் பொம்பளைங்களும் பழந்துணியிலதான் கவந்திங்கற போர்வை தைக்கறாங்க. ஓரத்துல ஆரம்பிச்சுச் சுத்திச் சுத்தி நடுவுக்கு வாராங்க. கையில எந்தத் துண்டு வருதோ அதுதான் அடுத்தது. கலர் சார்ட்டு கெடையாது.

ஆனா ஒண்ணு, உடுத்தறாப்பல இருக்கற சீலையை வெட்டாதே, உடுத்து. கைமுடிச்சுப் போட்ட பழைய சுங்குடி ஒண்ணு வெச்சிருக்கே பாரு, புள்ளியில இன்னும் சுருக்கம் நிக்குதே, அதுல கத்திரி வெச்சே, அப்புறம் இந்த வீட்டுல நான் காப்பித்தண்ணி குடிக்க மாட்டேன். அந்த அஜ்ரக்கு அப்படியில்ல, அது வெறும் ரெண்டு மீட்டர் பிட்டு. உடுத்தவும் பத்தாது, கும்பிடவும் ஆகாது. நாளைக்குக் காலையில, காப்பிக்கு முந்தி, மொதக் கத்திரி அதுலதான்.

மிச்சம் அந்த ரவிக்கைத்துணிங்க. கல்யாணம், காதுகுத்து, கொலுன்னு வெத்தலை பாக்கோட வந்து சேர்ந்தது. எல்லாம் 80 சென்டிமீட்டர், எல்லாம் எவளும் போடாத நெறம். இதை யாரும் தைக்கறதில்ல, தைக்கறதுக்கு யாரும் குடுக்கறதுமில்ல. நான் குடுத்த கிளிப்பச்சையே ஊரைச் சுத்திட்டு மறுக்கா எங்கிட்ட வந்திருக்குது, மஞ்சத்தூள் கறையை வெச்சுக் கண்டுபுடிச்சேன். பருத்தியா இருக்கறதை நீ வெச்சுக்கோ. மத்ததுக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன், உங்கிட்டக் கேக்கல. வர்ற வெள்ளிக்கிழமை நம்ம சனத்துல நாலு பொம்பளைங்களை வரச் சொல்லியிருக்கேன். ஆளுக்கு ரெண்டு மூணு வெச்சுக் குடுத்தா அந்தத் தட்டு காலியாயிரும், மாப்பிள்ளை சட்டைக்கும் ஒரு எடம் கெடைக்கும்.

சுண்டலுக்கு ஊறப் போட்டுரு. அப்புறம், பீரோவுல அந்த ஒரு தட்டை நெசமாவே காலியா வெச்சுக்கோ. வாரவங்க வெறுங்கையோட வர மாட்டாங்க, ஆளுக்கொரு ரவிக்கைத்துணி கொண்டாருவாங்க.