ஒரு டாலர் ஒண்டுக்குடித்தனம்

நியூயார்க்கில் சார்ட்டர் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே கட்டிடத்துக்குள் நடந்த மாடிப்படிச் சண்டையை ஆரம்பித்து வைத்தவர் யார் என்று நூல் பிடித்துக்கொண்டு போனால், மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் ஆசிரியர் சங்கத் தலைவர். சத்தியமாக. 1988-இல் வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் ஆல்பர்ட் ஷாங்கர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். ஆறேழு ஆசிரியர்கள் சேர்ந்து, இருக்கிற பள்ளிக் கட்டிடத்துக்குள்ளேயே தனியாக ஒரு குட்டிப் பள்ளி நடத்திப் பார்க்கட்டும். சக ஆசிரியர்கள் சரி என்றால் போதும். சில வருஷம் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒரே கூரை, இரண்டு அடுப்பு. அவர் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய நியூயார்க் சங்கமே பிற்பாடு இந்த ஏற்பாட்டை எதிர்த்துக் கோர்ட்டுப் படி ஏறியபோது ஷாங்கர் உயிரோடு இல்லை. கொடுத்து வைத்தவர்.

யோசனை மினசோட்டா போய் 1991-இல் சட்டமாகி, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1998 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. வரும்போது ஆசிரியர்களின் கை அதில் இல்லை. அரசு பணம் கொடுக்கும், தனி அறங்காவலர் குழு நடத்தும், குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும், பெரும்பாலும் சங்கம் இருக்காது என்று வேறு உருவம் எடுத்திருந்தது. கவர்னர் பட்டாக்கிக்கு இந்தச் சட்டம் வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வேண்டியதோ சம்பள உயர்வு. இரண்டு தரப்பும் கையைக் குலுக்கிக்கொண்டன. உறுப்பினர்களின் சம்பளம் 57,500 டாலரிலிருந்து 79,500 ஆனது. மாநிலத்துக்குச் சார்ட்டர் பள்ளி கிடைத்தது. கல்விச் சீர்திருத்தம் விலை மதிப்பற்றது என்று யார் சொன்னது? தலைக்கு 22,000 டாலர்.

சட்டம் வந்துவிட்டது, பள்ளி நடத்த இடம்? நியூயார்க்கில் வீட்டு வாடகை கேட்டாலே மயக்கம் வரும். பள்ளிக்கூட வாடகை கேட்டால் எழுந்திருக்கவே முடியாது. இந்த இடத்தில்தான் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மேடைக்கு வருகிறார். 2002-இல் நகரத்துப் பள்ளிகள் மொத்தமும் அவர் பிடிக்குள் வந்தன. பள்ளிகளுக்குத் தலைவராக, அதாவது சான்சலராக, ஜோயல் கிளைனை நியமித்தார். மைக்ரோசாஃப்ட் மீது அரசு போட்ட ஏகபோக வழக்கை நடத்திய வக்கீல் அவர். சந்தையில் போட்டி இல்லையென்றால் எந்தச் சரக்கும் உருப்படாது என்று நம்புகிறவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அரசுப் பள்ளிக் கட்டிடத்தில் காலியாக இருக்கும் அறைகளைச் சார்ட்டர் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு டாலர் என்று ஒண்டுக்குடித்தனம் விட்டார். மேயரே கோடீஸ்வரர் என்பதால் வருஷத்துக்கு ஒரு டாலர்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு டாலருக்கு மேயரும் கிடைத்தார், பள்ளிக்கூடமும் கிடைத்தது. காபிதான் கிடைக்கவில்லை.

குடித்தனக்காரர்களில் பேர் போனவர் ஈவா மாஸ்கோவிட்ஸ். நகரசபையில் கல்விக் குழுத் தலைவராக இருந்தபோது ஆசிரியர் சங்கத்தின் ஒப்பந்தத்தை வரிவரியாகப் பிரித்துப் பொது விசாரணை வைத்தவர். சங்கம் அதை மறக்கவில்லை. 2005-இல் அவர் நகரத்தின் ஐந்து பெரும்பிரிவுகளில் ஒன்றான மன்ஹாட்டன் பரோவின் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். அடுத்த ஆண்டே ஹார்லெமில் 118-ஆவது தெருவில் பி.எஸ். 149 என்ற அரசுப் பள்ளிக் கட்டிடத்தில் முதல் பள்ளியைத் திறந்தார். பிள்ளைகள் 165 பேர். சில வருஷத்தில் அது சக்சஸ் அகாடமி என்ற பெரும் சங்கிலியானது. தேர்வு மதிப்பெண்கள் கூரையைத் தொட்டன. அக்கம்பக்கத்தாரின் ரத்தக் கொதிப்பும்தான்.

காலி அறை என்று யார் சொன்னது? அங்கேதான் முதல் சண்டை. கல்வித்துறையிடம் ‘ப்ளூ புக்’ என்று ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. எந்தக் கட்டிடத்தில் எத்தனை பிள்ளைகள் கொள்ளும், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். தலைமை ஆசிரியர் கண்ணுக்கு ஓவிய அறையாகவும், திக்குவாய்ப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அறையாகவும் தெரிவது, அந்தப் புத்தகத்தின் கண்ணுக்கு உபரி இடமாகத் தெரியும். அறையைப் பிடுங்கினால் ஓவியம் தள்ளுவண்டியில் ஏறி வகுப்பு வகுப்பாகப் போகும், பேச்சுப் பயிற்சி நடைபாதைக்கு வரும். துறையின் சொந்தப் புத்தகம் ஆயிற்றே, தப்பாக இருக்குமா என்றது துறை. பள்ளிக்குள்ளே வந்து பாருங்கள் என்றார்கள் தாய்மார்கள். அதற்குத் துறைக்கு நேரமில்லை.

குடித்தனம் வந்த பிறகு இன்னொரு காகிதம் வரும்: கட்டிடப் பயன்பாட்டுத் திட்டம். உலக இலக்கியத்தில் இடம்பெற வேண்டிய படைப்பு அது. சாப்பாட்டுக் கூடம், ஜிம், நூலகம், கலையரங்கம் என்று வரிசையாக எழுதி, எந்தப் பள்ளி எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நிமிஷக் கணக்கில் கட்டம் போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே கூடத்தில் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பதால், நெரிசலான கட்டிடங்களில் சிலருக்குக் காலை 10 மணிக்கே மதியச் சாப்பாடு. வீட்டில் தின்ற காலைப் பலகாரம் தொண்டையைத் தாண்டுவதற்குள் தட்டை நீட்டவேண்டும். கட்டிடத்துக்குக் கட்டிடம் ‘பொது இடக் குழு’ ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர் உட்கார்ந்து, வருஷத்துக்கு நான்கு தடவையாவது கூடிப் பேசவேண்டும். குழாயடிச் சண்டைக்கு அரசாங்கமே தேதி குறித்துக் கொடுத்த ஊர் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. அந்தப் பக்கத்து நடைபாதையில் புதுப் பெயின்ட், புது விளக்கு, ஆரஞ்சு நிறத்தில் பளபளப்பு. இந்தப் பக்கத்தில் உரிந்த சுவர். அவர்களுக்கு ஒரு மாடிப்படி, நமக்கு ஒரு மாடிப்படி. ஆறு வயதுப் பிள்ளை கேட்கும் ஒரே கேள்வி, நமக்கு ஏன் இல்லை என்பதுதான். கடைசியில் 2010-இல் மாநிலச் சட்டமே தலையிட்டது: சார்ட்டர் பள்ளி தன் பகுதியைப் புதுப்பிக்க 5,000 டாலருக்கு மேல் செலவழித்தால், அதே தொகையை நகரம் அரசுப் பள்ளிக்கும் செலவழிக்கவேண்டும். பிள்ளைகள் கேட்டதையே சட்டப் பிரிவாக எழுத இத்தனை வருஷம்.

குடி வருவதிலும் ஒரு நாகரிகம் வேண்டும் அல்லவா? 2009 கோடையில் ஹார்லெம் பி.எஸ். 123-க்குள் சார்ட்டர் பள்ளிக்காக அறைகளை ஒழிக்க லாரி ஆட்கள் வந்து இறங்க, ஆசிரியர்களும் பெற்றோரும் மறிக்க, போலீஸ் வர, அந்த விடுமுறை சிறப்பாகக் கழிந்தது. புரூக்ளினில் ரெட் ஹுக் பகுதியில் இருக்கும் பி.எஸ். 15-இன் கதையில் இவ்வளவு சத்தம் இல்லை. அங்கே 2008-இல் பேவ் அகாடமி வந்து சேர்ந்தது. நடத்தியவர் ஸ்பென்சர் ராபர்ட்சன். அப்பா ஜூலியன் ராபர்ட்சன் வால் ஸ்ட்ரீட்டில் ஹெட்ஜ் ஃபண்ட் நடத்திப் பெரும் பணம் பார்த்தவர். இரண்டே வருஷம், சொந்த இடம் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று பேச்சு. இரண்டு வருஷம் முடிவதற்குள், இன்னும் கொஞ்ச வருஷம் இருந்துவிட்டுப் போகிறோமே என்றார்கள். 2013-இல்தான் பெட்டி படுக்கை கட்டினார்கள். ரெட் ஹுக் மக்கள் அந்தக் கட்டிடத்தை உயிராக நினைத்ததற்குக் காரணம் உண்டு. அழுதுகொண்டே பள்ளியைவிட்டு வெளியே போன ஒரு மாணவனைத் தேடிக்கொண்டு 1992-இல் தெருவில் இறங்கிய தலைமை ஆசிரியர் பேட்ரிக் டேலி, இரண்டு கும்பல் சுட்டுக்கொண்ட இடத்தில் சிக்கிச் செத்துப்போனார். பள்ளிக்கு அவர் பேர்தான். ப்ளூ புக்கில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

ஒண்டுக்குடித்தனம் வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வழி இருந்தது. வழி மட்டும்தான் இருந்தது. கல்விக் கொள்கைக் குழு என்று அப்போது 13 பேர். அதில் 8 பேரை மேயர் நியமிப்பார், மிச்சம் 5 பேரை ஐந்து பரோக்களின் தலைவர்கள். 8 பேரில் யாராவது சொந்த மூளையை உபயோகித்தால் என்ன ஆகும் என்பது 2004 மார்ச்சிலேயே தெரிந்துவிட்டது: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஃபெயில் ஆக்கும் திட்டத்துக்கு ஓட்டுப் போட மறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஓட்டெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால் மேயர் ஆளை மாற்றிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் குழுவில் நிலவிய ஒற்றுமை நெகிழவைக்கும்.

2010 ஜனவரி 26. புரூக்ளின் டெக் உயர்நிலைப் பள்ளியின் பிரம்மாண்டமான அரங்கம். 19 பள்ளிகளை மூடுவதும், பேவ் குடித்தனத்தை நீட்டிப்பதும் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்தன. பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஆளுக்கு இரண்டு நிமிஷம் மைக். மாணவர்கள் அழுதார்கள், ஆசிரியர்கள் கத்தினார்கள், அரசியல்வாதிகள் வந்து இரண்டு நிமிஷத்தை ஐந்தாக இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மேடையில் குழு உறுப்பினர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒருவரையும் பேச விடாமல் செய்யவில்லை. அதிகாலை 3 மணியைத் தாண்டி, பாட்டிமார்கள் கூட்டத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஓட்டெடுப்பு: 9 கை ஆதரவு, 4 கை எதிர்ப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கே எண்ணியிருந்தாலும் இதே 9, இதே 4. நகரமே நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

பாதிப்பு அறிக்கையை ஒழுங்காக எழுதவில்லை என்று அந்த மார்ச்சிலேயே கோர்ட் 19 மூடலையும் ரத்து செய்தது. துறை பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் அறிக்கைகள் இன்னும் தடிமனாக வந்தன.

2011-இல் ஆசிரியர் சங்கமும், கறுப்பின மக்களின் உரிமைக்காக நூறு வருஷம் போராடிய என்.ஏ.ஏ.சி.பி-யும் சேர்ந்து ஒண்டுக்குடித்தனங்களை எதிர்த்து மறுபடி வழக்குப் போட்டன. ஒரே கட்டிடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரு தரம், இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு தரம். பள்ளிகளில் இனப் பிரிவினை என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் ஒழித்துக் கட்டியது இதைத்தானே என்பது வாதம். மறுநாளே என்.ஏ.ஏ.சி.பி-யைக் கண்டித்து ஹார்லெமில் ஆயிரக்கணக்கான பெற்றோர் திரண்டார்கள் என்றால் நம்புவீர்களா? மறுநாள் என்பது மிகை, கொஞ்ச நாளில். அவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான். எங்கள் பிள்ளை குலுக்கலில் ஜெயித்த நல்ல பள்ளியை மூடப் பார்க்கிறீர்களே, இதுவா உரிமைப் போராட்டம் என்பது அவர்கள் கேள்வி. இரண்டு தரப்பிலும் ஒரே முழக்கம். ஒரே தெருவில், சமயத்தில் ஒரே அடுக்குமாடியில், மூன்றாவது மாடிக்காரியின் மகன் மேல்தளப் பள்ளி, நான்காவது மாடிக்காரியின் மகள் கீழ்த்தளப் பள்ளி. இரண்டு பேருமே சொன்னது நிஜம் என்பதுதான் தலைவலி. நல்ல அறைகளை எல்லாருக்கும் கொடுக்க வக்கில்லாதவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, மைக்குக்காக முட்டிக்கொண்டது இவர்கள் இரண்டு பேரும்.

நீதிபதி அந்த வருஷம் நகரத்தின் பக்கம் சாய்ந்தார். இதற்கிடையில் ஒரு சின்னத் தகவல். இதே ஆசிரியர் சங்கம் 2005-இல் கிழக்கு நியூயார்க் பகுதியில் தன் பேரிலேயே ஒரு சார்ட்டர் பள்ளி திறந்தது. எங்கே? அரசுப் பள்ளிக் கட்டிடத்துக்குள். (சங்கம் நடத்தினால் அது ஒண்டுக்குடித்தனம் இல்லை போலிருக்கிறது, விருந்தாளி.) பத்து வருஷம் தள்ளி, 2015-இல், அதன் ஆரம்ப, நடுநிலை வகுப்புகளைச் சங்கமே இழுத்து மூடியது.

கிளைனுக்குப் பிறகு சான்சலராக வந்த கேத்தி பிளாக், பத்திரிகை நிறுவனம் நடத்தியவர். பள்ளி நடத்தும் தகுதிச் சான்று இல்லாததால் மாநிலத்திடம் விலக்கு வாங்கி உட்காரவைத்தார்கள். கீழ் மன்ஹாட்டனில் பள்ளியில் இடமில்லை என்று முறையிட்ட பெற்றோரிடம், கொஞ்ச நாளைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளக் கூடாதா என்று வேடிக்கையாகக் கேட்டார். இட நெருக்கடிக்கு இவ்வளவு நீண்டகாலத் தீர்வு யோசித்தவர் பதவியில் இருந்தது மூன்று மாதம்.

2013 தேர்தலில் பில் டி பிளாசியோ, மாஸ்கோவிட்ஸின் ஆட்டம் இனி நடக்காது, வசதியுள்ள சார்ட்டர்கள் வாடகை கட்டட்டும் என்று மேடை மேடையாகப் பேசி மேயராக ஜெயித்தார். 2014 பிப்ரவரியில் பழைய ஆட்சி கடைசி நேரத்தில் கொடுத்த அனுமதிகளைப் புரட்டிப் பார்த்தார். 17 சார்ட்டர் குடித்தனங்களில் 14-ஐ அப்படியே விட்டுவிட்டார். மூன்றைத் தடுத்தார். மூன்றும் மாஸ்கோவிட்ஸுடையவை. அதில் ஒன்று, நாம் முன்பு பார்த்த அதே பி.எஸ். 149 கட்டிடத்தில் 194 பிள்ளைகளுடன் விரிவாக்கம் கேட்டது. அந்தக் கட்டிடத்தில் மூன்றாவதாக ஒரு பள்ளியும் இருந்தது; பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் பேரில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கானது. விரிவாக்கம் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் போகும் என்றது நகரம். டிவியில் லட்சக்கணக்கான டாலருக்கு ஓடிய விளம்பரங்களில் 194 பிள்ளைகளின் முகங்கள் வந்தன. மூன்றாவது பள்ளியின் முகம் ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 4 அன்று மாஸ்கோவிட்ஸ் தன் 22 பள்ளிகளுக்கும் லீவு விட்டு, பிள்ளைகளையும் பெற்றோரையும் பஸ் பஸ்ஸாக ஏற்றித் தலைநகர் ஆல்பனிக்குப் போனார். உறைய வைக்கும் குளிர். அதே நாள் அதே ஊரில் மேயருக்கும் ஒரு கூட்டம், மழலையர் கல்விக்கு நிதி கேட்டு. கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ ஒரு காலத்தில் டி பிளாசியோவின் மேலதிகாரி; இருவருக்கும் ஒரே கட்சி. எந்தக் கூட்டத்துக்குப் போவார் என்று யோசிக்கவே வேண்டாம், டிவி கேமராவும் கூட்டமும் எங்கே அதிகமோ அங்கே போய் மாஸ்கோவிட்ஸ் பக்கத்தில் நின்றார்.

மாதம் முடிவதற்குள் பட்ஜெட்டோடு சேர்த்துச் சட்டம் வந்துவிட்டது. புதிதாக வரும், விரிவடையும் சார்ட்டர் பள்ளிகளுக்கு நகரம் அரசுக் கட்டிடத்தில் இலவசமாக இடம் தரவேண்டும். தர முடியாவிட்டால் வெளியே வாடகைக்கு எடுக்கும் செலவை ஏற்கவேண்டும். இந்தத் தடவை பொது விசாரணையும் இல்லை, இரண்டு நிமிஷ மைக்கும் இல்லை. தடுக்கப்பட்ட மூன்று பள்ளிகளுக்கும் முன்பு கத்தோலிக்கப் பள்ளிகள் இருந்த கட்டிடங்களாகப் பார்த்து நகரம் பிடித்துக் கொடுத்தது. வாடகை வசூலிப்பேன் என்று சொல்லி ஜெயித்த மேயர், பதவியேற்ற நான்காம் மாதத்திலேயே தேவாலயக் கட்டிடக்காரர்களோடு உட்கார்ந்து வாடகை பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் ஒரு டாலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.