மாண்புமிகு பட்டியலாருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: முன்அனுமதி பெற்ற மென்பொருள்களின் பட்டியல் அவர்கள், சிங்கப்பூர்.

பொருள்: மானியம் இருக்கட்டும், ஆள் கொடுங்கள்.

மதிப்புக்குரிய பட்டியலாரே,

2017இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மின்னிலக்கத் திட்டம் தொடங்கியது முதல் தேக்கா கடைக்காரருக்கும் யோகம்தான். உங்களிடம் பெயருள்ள மென்பொருளை வாங்கினால், உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் பாதிச் செலவு வரை தருகிறது. முழுப் பணத்தையும் முதலில் அவர் கட்ட வேண்டும். மானியம் பின்னால் வரும். அதுவரை தீபாவளிச் சரக்குக்கு எங்கே போவார் என்று கேட்பது அநாகரிகம்.

உங்களிடம் இடம்பிடிக்க, மென்பொருள் சந்தையில் தேறியிருக்க வேண்டுமாம். சந்தையோ உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறது. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற வழக்குக்கு நீங்கள் அழகாகத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்: இரண்டும் பெரிய பண்ணைக்கே.

கேம்பல் லேன் பக்கம் மல்லிகைச் சரம் முழக்கணக்கில் போகிறது. பெரிய கம்பெனி மென்பொருளில் அளவுக் கட்டத்தைத் திறந்தால் ‘எண்ணிக்கை’, ‘கிலோ’, அவ்வளவுதான். ‘முழம்’ சேர்த்துத் தர, கடைவீட்டு மாடியில் இரண்டு பேர் கம்பெனி நடத்தும் எங்களால் முடியும். ஆனால் பகல் முழுக்கப் பாதுகாப்புச் சோதனை, தனிநபர் தரவுச் சட்டத்துக்கான ஆவணம், ஜிஎஸ்டி கணக்கு, டெண்டர் என்று போய்விடுகிறது. நிரல் எழுதுவது ராத்திரி வேலை.

இந்த வேலைகளைப் பல கம்பெனிகளுக்குப் பொதுவாகச் செய்து தரலாமே! அப்படிப்பட்ட பொதுச் சேவை உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1989இல் டிரேட்நெட் வந்தது. பல துறைகளுக்கு அலைந்த ஏற்றுமதி, இறக்குமதிக்காரருக்கு ஒரே மின்விண்ணப்பம் போதுமென்றானது. நாள்கணக்கில் இழுத்த அனுமதி நிமிடங்களில் கிடைத்தது. இந்தியாவில் 1991இல் அமைந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா நிறுவனம், தனியாகச் செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவிட முடியாத சிறு கம்பெனிகளுக்குப் பொது இணைப்பைப் பகிர்ந்து கொடுத்தது. இந்தியா வளரும் நாடு. பணக்கார நாட்டுக்கு அந்த யோசனை கௌரவக் குறைச்சலோ என்னவோ!

ஆகவே, பத்துக் கம்பெனிக்குப் பொதுவாக ஒரு சோதனையாளர், ஒரு கணக்கர், சட்டம் தெரிந்த ஒருவர், டெண்டர் எழுத ஒருவர் போதும். மாதச் சந்தா நாங்களே கட்டுகிறோம். தொடக்கச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த யோசனை சந்தையில் தேறியதா என்று கேட்டால், டிரேட்நெட்டையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

இப்படிக்கு,
முதலாளி, நிரலாளர், கணக்கர், சட்ட ஆலோசகர், டெண்டர் எழுத்தர், தே வாங்கப் போகிறவர்
(ஆக மொத்தம் இரண்டு பேர்)