சீஸ்பர்கரும் வெங்காய பஜ்ஜியும்

முதல் முயற்சி ஊற்றிக்கொண்டவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கதை கைவசம் வைத்திருந்தேன். பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இருவர் இசைக்குழுவின் கதை. அவர்களின் முதல் பாட்டு 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' 1984-இல் வந்தபோது சொந்த நாட்டிலேயே சீந்துவாரில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரை கிளப்புகளில் அதற்கு ஆடினார்கள். பிரிட்டன் விற்பனைப் பட்டியலிலோ முதல் நூறுக்குள்கூட நுழையவில்லை. அதே பாட்டு 1985 அக்டோபரில் மறுபடி வந்தது. 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம், மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம். "அதனால மனசை விட்டுடாதீங்க" என்று முடிப்பேன். கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் யாருக்குச் சொன்னாலும் அது எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

அந்த இருவரில் பாடகர் நீல் டென்னன்ட் அப்போது என்னைப் போலப் பத்திரிகைக்காரர். 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழில் உதவி ஆசிரியர். 1983-இல் பாடகர் ஸ்டிங்கைப் பேட்டி காண நியூயார்க் போனவர், போன கையோடு தனக்குப் பிடித்த டான்ஸ் இசைத் தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவையும் பிடித்துவிட்டார். சீஸ்பர்கர் சாப்பிட்டபடியே, தானும் கூட்டாளி கிறிஸ் லோவும் பாட்டு எழுதுவதைச் சொன்னார். ஒலிப்பதிவு செய்யலாம் என்றார் ஆர்லாண்டோ.

எனக்கும் ஓர் இசையமைப்பாளரைப் பேட்டி எடுக்கும் வாய்ப்பு வந்தது. சட்டைப் பையில் நான் எழுதிய பாட்டு. தட்டில் வெங்காய பஜ்ஜி. பையை நோக்கிக் கை போகும்போதெல்லாம் இன்னொரு பஜ்ஜி வந்து விழுந்தது. எண்ணெய்க் கையோடு காகிதத்தைத் தொடக்கூடாது என்று தைரியமின்மைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ரெக்கார்டரையும் அழுத்தவில்லை. "அவர் அதிகம் பேசுறவர் இல்ல சார்" என்று ஆசிரியரிடம் சமாளித்தேன்.

பிறகு ஒரு முறை அவரையே பார்க்கப் போனபோது, மறுவெளியீட்டு வீரத்தோடு பாட்டை நீட்டினேன். புதுக் காகிதம், அழகான கையெழுத்து, 'நிலவே' இருந்த இடத்தில் 'வெண்ணிலவே'. வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல எங்க மூச்சு விடறது?"

அதன் பிறகே பெட் ஷாப் பாய்ஸ் கதையை ஒழுங்காகப் படித்தேன். ஆர்லாண்டோவிடமிருந்து விலக, வருங்கால ராயல்டியில் பங்கு எழுதிக்கொடுத்தார்கள். பார்லோஃபோன் நிறுவனத்தில் சேர்ந்து வெளியிட்ட 'ஆப்பர்சூனிட்டிஸ்' பாட்டும் 1985-இல் படுத்தது. அப்புறம்தான் ஸ்டீபன் ஹேக் என்ற புதுத் தயாரிப்பாளரை வைத்து முதல் பாட்டை அடியிலிருந்து மறுபடி பதிவு செய்தார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். தொடக்கத்தில் தெருச் சத்தமும் காலடி ஓசையும் வைத்தார். பாதி பேச்சாகவே பாடும் டென்னன்ட்டுக்கு அப்போதுதான் மூச்சு விட இடம் கிடைத்தது. நான் மாற்றியதெல்லாம் காகிதத்தை. போதாததற்கு வரியை நீட்டி வேறு வைத்தேன்.

இப்போது யாராவது தோற்று வந்தால், "இந்தத் தடவை எதை மாத்தப் போறீங்க?" என்றுதான் கேட்கிறேன். ஆறுதல் தேடி என்னிடம் வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். நீங்களாவது அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 1984-ஐ முதலில்.